கவிழ்த்து விரித்த ஓடுதளம்

என் மனைவியை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது அந்தப் பெட்டி வந்தது. லிஃப்டில் நுழையாததால், கொண்டுவந்தவர் அதைத் தோளில் சுமந்தே சேலையூரில் உள்ள எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிவரை ஏறி, வாசலில் நிமிர்த்தி வைத்தார். ஏறக்குறைய கதவின் உயரம் இருந்தது.

"ஓடிபி சொல்லுங்க சார்."

அந்த எண் அவளுடைய கைபேசிக்குத்தான் வந்திருக்கும். அதை நான் தவறாமல் சார்ஜ் செய்து வைத்திருந்தேனே தவிர, திறந்து பார்த்ததில்லை. அன்று திறந்தேன். எண்ணைச் சொன்னேன்.

"மேடம் இல்லீங்களா?" என்று கேட்டார், பெட்டியின் மேலிருந்த பெயரைப் பார்த்து.

"இல்லை" என்றேன். அவர் போய்விட்டார்.

உள்ளே இருந்தது, ஃபோமில் வார்த்த ஒரு பெரிய ஜெட் விமானம். கையில் உள்ள ரேடியோவால் தரையிலிருந்து ஓட்டுவது. என் மனைவி கணித ஆசிரியை. ஓய்வு பெற்ற கணித ஆசிரியைகள் பொதுவாக டியூஷன் எடுப்பார்கள். அவள் மாதிரி விமானங்களை ஓட்டக் கற்றுக்கொண்டாள். யாரோ விற்ற பழைய ரேடியோ ஒன்றை வாங்கித் தானாகவே பழகினாள். பிறகு ஒரு சிறிய குழுவில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அவள் பறக்கவிடுவாள். நான் பெட்டிகளைத் தூக்கிச் செல்வேன். ஞாயிறு இருவருக்கும் ஆலயத்துக்கு உரியது. சில ஆண்டுகளில் எனக்கும் ஒரு மெதுவான பயிற்சி விமானத்தைக் கற்றுக்கொடுத்தாள். ஜெட் என்பது வேறு. அதை அவளே இன்னும் ஓட்டியதில்லை. மருத்துவமனைக்குப் போவதற்குச் சற்று முன்புதான் ஆர்டர் செய்திருந்தாள்.

மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும்போது, எனக்குப் பின்னால் நின்ற பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அதைப் பார்க்கப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். யாருக்காவது குடுத்துடுங்களேன்."

"பார்க்கலாம்மா."

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று பொருள். அது அவளுக்கும் தெரியும். அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்த விமானத்தை நானே பூட்டி, நானே ஏற்றி, நானே முழுதாக இறக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவனுக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று நண்பர்கள் சிலர் இதற்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அத்தனை தூரம் விளக்கம் தேவைப்படவில்லை. பறப்பதற்காக வாங்கிய ஒரு பொருள் பெட்டிக்குள் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் உடற்பகுதியை வைத்தேன். இறக்கைகளைப் பொருத்தியதும் அவை மேசைக்கு வெளியே இரு பக்கமும் நீண்டன. அவள் அமரும் நாற்காலியின் முதுகு ஓர் இறக்கையைத் தாங்கியது. இறக்கைகளின் ஊடே செல்லும் கார்பன் குழாய் முதல் நாள் நுழைய மறுத்தது. இழுத்துத் தள்ளினால் ஃபோம் பிளந்துவிடும். மறுநாள் காலையில், குழாயைத் திருகியபடி மெல்லச் செலுத்தினேன், போய் அமர்ந்தது. பின் சிறகுகள், சக்கரங்கள், அவற்றை உள்ளே மடக்கும் சிறு மோட்டார்கள் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவன் நான். என் விரல்கள் இவ்வளவு நேரம் ஒரே வேலையில் நிலைத்திருந்தது எனக்கே புதிது.

எடைச் சமன் பார்ப்பதுதான் கடினம். இறக்கையின் கீழே குறித்திருக்கும் இரு புள்ளிகளில் விரல்நுனிகளால் தாங்கினால் விமானம் மூக்கும் வாலும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். வால் பக்கம் கனத்துவிட்டால், ஏறிய சில நொடிகளில் அது யார் சொல்லையும் கேட்காது. பேட்டரியை விரற்கடை விரற்கடையாக முன்னே நகர்த்தி நகர்த்தி, அது மட்டமாக நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன்.

பிறகு உடலுக்குள் இருக்கும் விசிறியை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தேன். வேட்டி பறந்தது. காலண்டர் ஆணியோடு விழுந்தது. சற்று நேரத்தில் கீழ் வீட்டு அம்மையார் மணியடித்தார்.

"சார், மிக்ஸியா இப்படிக் கத்துது? காயில் போயிடும் சார். கொஞ்சம் விட்டு விட்டு ஓட்டுங்க."

விட்டு விட்டு ஓட்டுவதாக ஒப்புக்கொண்டேன்.

அதன்பின் பயிற்சி. கணினித் திரையில் பொய்யான வானமும் பொய்யான விமானமும் இருக்கும். ரேடியோ மட்டும் உண்மை. அந்தத் திரை ஜெட்டை நான் உடைத்த தடவைகள் அநேகம். உடைந்ததும் அடுத்த கணம் அது முழுதாக ஓடுதளத்தில் வந்து நிற்கும். அந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை உடைந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீண்டும் தொடங்குவேன்.

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் எங்கும் எங்களுக்கு இடம் கிடையாது. செங்கல்பட்டைத் தாண்டி, கோடையில் வற்றி மழையில் நிரம்பும் ஓர் ஏரியின் படுகைதான் குழுவின் மைதானம். அங்கே பறப்பதற்கான அனுமதிகளை ராஜகீழ்ப்பாக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் கவனித்துக்கொள்வார். குழுவில் கைதேர்ந்தவரும் அவரே. எந்தப் புது விமானமானாலும் அதன் முதல் பறப்பை அவர்தான் ஓட்டுவார். மேலே ஏற்றி, குறைகளைச் சரிசெய்துவிட்டு ரேடியோவை உரியவர் கையில் கொடுப்பார். அது குழுவின் வழக்கம். சொந்தப் பொருள் என்றால் கை நடுங்கும் என்பது அதற்குக் காரணம்.

அவளுடைய ரேடியோவில் ஒரு சிக்கல் இருந்தது. குழுவில் எல்லோரும் இடக்கைக் குச்சியால் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். மூக்கை உயர்த்தித் தாழ்த்துவது வலக்கை. அவள் வாங்கிய பழைய ரேடியோவில் இது இடம் மாறியிருந்தது. அவள் அப்படியே பழகினாள். என்னையும் அப்படியே பழக்கினாள். அதனால் அந்த ரேடியோவை ஓட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் மருத்துவர், கிளினிக்கில் நோயாளிகள் போன பிறகு. "பின்மூடியத் திறந்து ஒரு ஸ்பிரிங்க மாத்தணும், மெனுல ஒரு செட்டிங். பத்து நிமிஷ வேலை. நான் ஏத்திக் குடுத்துடறேன், அப்புறம் திரும்ப மாத்திடலாம்."

"வேண்டாம் டாக்டர்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா என்னால வாங்கிக் காப்பாத்த முடியாது சார். என் கை பழக்கத்துல நேரா தரையில குத்திடுவேன்."

"தெரியும். நான் ஓட்டுகிறேன்."

அவர் கையுறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். "டீச்சரும் இப்பிடித்தான், சொன்னா கேக்கமாட்டாங்க" என்றார்.

இன்னொரு தடையும் இருந்தது. ஏரிப்படுகை வெடித்த களிமண். சிறு சக்கரங்கள் அந்த வெடிப்புகளில் சிக்கிக்கொள்ளும். ஆகவே குழு, பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களை ஒன்றோடொன்று தைத்து நீண்ட பாயாக்கி, அதையே ஓடுதளமாக விரித்தது. சேலையூரில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதன் காப்பாளர். திருமணம், காதுகுத்து, மாநாடு, பிறந்தநாள் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் எப்போதும் அச்சு கீழே, வெள்ளை மேலே என்று கவிழ்த்துத்தான் விரிப்பார்கள். முன்பொரு நாள் நேராக விரித்தபோது, கரையில் போன இருவர் இறங்கி வந்து, "தலைவர் மூஞ்சி மேல டயர் உடுறியா?" என்று கேட்டார்களாம். அன்றுமுதல் அது சட்டம்.

என் ஜெட்டின் எடைக்கு அந்த ஓடுதளம் நீளம் போதாது.

"இன்னும் ஒரு பெரிய பேனர் வேணும் சார்" என்றார் கடைக்காரர். "கல்யாண சீசன் வரட்டும், புட்ச்சிரலாம்."

"கல்யாண சீசனில் ஏரியில் தண்ணீர் இருக்கும். நான் ஒன்று கொண்டுவருகிறேன்" என்றேன்.

எங்கள் பரணில் ஒன்று இருந்தது. என் மனைவி இறந்தபோது, குடியிருப்போர் சங்கத்தார் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அவள் படம் நடுவில். கீழே, வருந்துவோர் படங்கள் இரண்டு வரிசை. அத்தகைய பேனர்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம், "செத்தவங்களைவிட அழறவங்க மூஞ்சி பெரிசா இருக்கு பாருங்க" என்பாள். நினைவு ஆராதனை முடிந்ததும் காவலாளி அதைச் சுருட்டிக்கொண்டுவந்து, "இத இன்னா சார் பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. வாங்கிப் பரணில் வைத்தேன்.

செப்டம்பர் முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை. வண்டலூர் தாண்டும்போதே வானம் சாம்பல் பூத்திருந்தது. பின்னிருக்கையைச் சாய்த்து விமானத்தைக் கிடத்தியிருந்தேன். இறக்கைகள் தனியே, போர்வைக்குள். படுகையில் மருத்துவரும் கடைக்காரரும் வெள்ளைப் பாயை விரித்து ஓரங்களில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பங்கைச் சுருள் பிரித்து, கவிழ்த்து, முடிவில் சேர்த்துப் பிடித்தேன். ஆணி அடிப்பதற்குள் காற்று ஒரு மூலையைத் தூக்கிப் புரட்டிவிட்டது.

கடைக்காரரின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"சார்... டீச்சர் சார் இது."

"ஆமாம்."

"இன்னா சார் நீங்க. வாணா சார். இதுமேல போய் டயர உட்டுகினு... எனுக்கு மனசு வர்ல சார்."

மருத்துவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மழைக்கு முன் எஞ்சியிருக்கும் சனிக்கிழமைகள் எத்தனை என்பது எங்கள் மூவருக்குமே தெரியாது.

"அவளுக்கு பேனர் பிடிக்காது" என்றேன். "ரன்வே பிடிக்கும். ஆணியை அடியுங்கள்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு மூலையை மெதுவாக மடக்கிக் கவிழ்த்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஆணி அடித்தார்.

இறக்கைகளைப் பூட்டினேன். பேனாக் கோட்டில் பேட்டரியை வைத்தேன். அசையும் பாகங்கள் ஒவ்வொன்றும் சரியான பக்கம் அசைகிறதா என்று மருத்துவர் உரக்கக் கேட்க, நான் பார்த்து உறுதி செய்தேன். கடைசியாக அவர் கேட்டார்: "கை நடுங்குதா சார்?"

"நடுங்குகிறது."

"நல்லது. நடுங்கலன்னாதான் பயம்."

வலக்கட்டைவிரலை மெல்ல உயர்த்தினேன். விசிறி இரைந்தது. விமானம் தயங்கி, உருண்டு, வேகம் பிடித்தது. பாதி தூரத்தில் இடப்பக்கம் இழுத்தது, திருத்தினேன். பழைய ஓடுதளம் முடிந்தும் அது எழவில்லை. என் துண்டின்மேல் ஏறியபோதுதான் இடக்குச்சியைப் பின்னிழுத்தேன். அதன் விளிம்புக்குச் சற்று முன் மூன்று சக்கரங்களும் தரையை விட்டன.

"ஏறிச்சு! ஏறிச்சு சார்! முருகா!"

"யோவ், பேசாம இருய்யா" என்றார் மருத்துவர்.

சக்கரங்களை மடக்கினேன். முதல் வட்டம் சரியாக வந்தது. இரண்டாம் வட்டத்தில், கரைப் பனைகளுக்கு அப்பால், சாம்பல் வானத்தில் சாம்பல் விமானம் ஒரு கோடாகச் சிறுத்தது. வருகிறதா போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கு அது?" என்றார் மருத்துவர் தாழ்ந்த குரலில். அவருக்கும் தெரியவில்லை.

பயிற்சி விமானத்தில் எனக்கு ஒருமுறை இப்படி நேர்ந்தது. அப்போது அவள் ரேடியோவைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் நின்று, "அவசரப்படாதீங்க. லேசா வலது பக்கம் சாய்ங்க. எந்த ரெக்கை இறங்குதுன்னு பாருங்க. அதுவே சொல்லும்" என்றாள். இப்போதும் லேசாக வலப்பக்கம் சாய்த்தேன். என் இடப்பக்கத்து இறக்கை இறங்கியது. ஆக, அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதை வரவிட்டேன்.

பேட்டரி எச்சரிக்கை ஒலித்தது. சக்கரங்களை இறக்கினேன்.

"மூணும் வந்துடுச்சு" என்றார் மருத்துவர். "வேகத்தைக் கொறச்சிடாதீங்க. விசிறி ஓடணும். அப்பிடியே... அப்பிடியே."

ஓடுதளத்தின் தொடக்கத்தில் தொட்டது, ஒருமுறை துள்ளியது, மறுபடி தொட்டு ஓடியது. நிற்கவில்லை. வெள்ளைத் துண்டுகள் எல்லாவற்றையும் கடந்து களிமண்ணில் இறங்கி, ஒரு வெடிப்பில் முன்சக்கரம் சிக்கி, மூக்குக் குத்தி நின்றது.

நாங்கள் நடந்து போனோம். முன்சக்கரத்தின் கால் ஒடிந்திருந்தது. மூக்கில் கட்டைவிரல் அளவு பள்ளம். மற்றபடி ஒரு கீறல் இல்லை.

"முழுதாக இறக்க நினைத்தேன்" என்றேன்.

"முழுசாத்தான் சார் எறங்கியிருக்கு" என்றார் மருத்துவர், மூக்கைத் தடவிப் பார்த்து. "மறுபடி பறக்கும்னா அது லேண்டிங். இது பறக்கும்."

மேகம் விலகி வெயில் ஏறியதும் பாயைச் சுருட்டினோம். கடைக்காரர் என் துண்டை மட்டும் தனியே எடுத்து, மண் தட்டி, படம் உட்புறமாக இருக்கும்படி சுருட்டி, இரு கைகளாலும் நீட்டினார்.

"வூட்ல பத்ரமா வச்சிக்கங்க சார்."

நான் வாங்கவில்லை. "மற்றதோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்" என்றேன். "அடுத்த முறையும் இந்த நீளம் வேண்டும்."

அவர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் தலையசைத்தார்.

"டபுள் தையல் போட்ரேன் சார்" என்றார் கடைக்காரர்.

வீடு திரும்பியதும் விமானத்தை மேசைமேல் வைத்து, முன்சக்கரத்துக்குப் புதிய கால் ஒன்றை ஆர்டர் செய்தேன். ஆர்டரில் என் பெயரையும் என் கைபேசி எண்ணையும் கொடுத்தேன். பெட்டி சிறியது; லிஃப்டிலேயே வந்துவிடும்.