சாஸ்தாவுக்கு முதல் பத்திரிகை

2023 ஆகஸ்ட் 7 – தாத்தாவின் பணிப் பதிவேடு, நகல் – ரூ. 84
செப்டம்பர் 21 – கிராம வரைபடம், நிலப் பதிவேடு – ரூ. 310
நவம்பர் 2 – பதிவுத் தபால் – ரூ. 47
நவம்பர் 24 – பட்டா மாறிய பக்கம், நகல் – ரூ. 120
டிசம்பர் 11 – பதிவுத் தபால் – ரூ. 47

கரோல் பாக்கில் குடியிருக்கும் நல்லசிவம், ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர். தை மாதம் பேத்தி வைஷ்ணவிக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்குப் போக வேண்டும். அவருடைய தாத்தா 1931இல் குமாஸ்தாவாக டெல்லி வந்த பிறகு யாரும் ஊர்ப்பக்கம் போகவில்லை. குலதெய்வம் ஏதோ ஒரு சாஸ்தா என்பதற்கு மேல், எந்த ஊர்க் கோயில் என்பதே மறந்துபோயிற்று. மகன் கல்யாணத்தில் மலை மந்திர் முருகனிடம் வைத்து ஒப்பேற்றினார்கள். இந்த முறை அது நடக்காது என்று சொல்லிவிட்டார்.

"சாஸ்தாவோ யாரோ, வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம் தாத்தா. ஜல்தி போயிடும்" என்றாள் வைஷ்ணவி.

பணிப் பதிவேட்டில் ஊர் கிடைத்தது: வடக்குப் புளியங்குளம். வரைபடத்தில் குளத்துக்கு மேற்கே ஒரு சாஸ்தா கோயில். அதை ஒட்டிய வயல், நல்லசிவம் பேரில். நிலப் பதிவேட்டின் அட்டையில் 1928. தாத்தா பேரும் அதுதானே! அந்த வயல்காரர் தன் தாத்தா என்று கோயிலுக்கு உடனே எழுதிப் போட்டார்.

கோயில் தர்மகர்த்தா ஜெயராமின் பதில் சுருக்கமாக வந்தது: "அந்த வயல்காரர் 1899இல் காலமானார். பங்காளி அல்லாதவர் பத்திரிகையைச் சன்னதியில் வைப்பதில்லை."

மனைவி செல்வி கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"உங்களுக்கு உங்க தாத்தா பேரு. அவுகளுக்கு யாரு பேராம்?"

"அவுக தாத்தா பேராத்தான் இருக்கும்."

"அச்சா! ரெண்டு பேரை ஒட்டவச்சு ஒரே ஆளாக்கிட்டீகளே. இதுல ஆபீசர் வேற!"

நல்லசிவம் சிரித்துவிட்டார். 1928 என்பது அச்சிட்ட ஆண்டு. உள்ளே இருந்த பெயர்கள் பழையவை. பட்டா மாறிய பக்கத்தை வரவழைத்தார்: 1899, மகன் சங்கரலிங்கம் பேருக்கு. பணிப் பதிவேட்டில் தாத்தாவின் தகப்பனார் பெயரும் சங்கரலிங்கம். இரண்டு நகல்களையும் இணைத்து அனுப்பினார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு பத்திரிகைக்கு மஞ்சள் தடவித் தனியே வைத்தார். இரண்டு ரயில் டிக்கெட்டும் எடுத்தார்.

"வராதீகன்னு எழுதிட்டா?" என்றாள் செல்வி.

"கணக்கு சரி. நல்ல பதிலாத்தான் வரும்."

வந்தது. "சங்கரலிங்கம் மூத்த மகன் டெல்லி போனதாக எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். பத்திரிகையோடு வாருங்கள், அண்ணாச்சி" என்று ஜெயராம் எழுதியிருந்தார்.

கடிதம் கிடைத்த தேதி: 2024 ஜனவரி 9.