எதிர்ச்சுவர்

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட் அருகே ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில்தான் நான் டிசைன் பழகினேன். கடைக்காரர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கட்டை மீசை, காவியேறிய பற்கள், கடைவாயில் எப்போதும் பான், பேச்சில் ஹைதராபாத் உருது.

நான் ஒரு டிசைனை முடித்ததும் கம்ப்யூட்டர் திரையைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்வார். ரோட்டைக் கடந்து போய் எதிர்ச்சுவரில் புளிச்சென்று துப்புவார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே கத்துவார்.

"நக்கோம்மா, வேணாம்! கைக்கு? எதுக்கு இத்தனை கலரு? ஒரு எழுத்தும் தெரியல!"

அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பாக வழிந்திருக்கும். என் வேலையைப் பார்த்துத்தான் துப்புகிறார் என்று தோன்றும். மத்தியானம் சோறு இறங்காது.

ஒருநாள் கேட்டே விட்டேன். "துப்பாம சொல்ல முடியாதா சார்?"

"துப்பத்தாம்மா போறேன். பாக்கறது சும்மா, போன எடத்துல."

பிறகு அவருக்குப் பல் பிடுங்கினார்கள். டாக்டர் சில நாள் பான் கூடாதென்றார். அவர் ரோட்டைக் கடக்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளி மண்டிக்காக வெள்ளையில் மஞ்சள் எழுத்துப் போட்டிருந்த என் பேனரைப் பார்த்து, "ஹவ், சூப்பர்மா" என்றார்.

கட்டிய பிறகு ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. மண்டிக்காரர் கடைக்கே வந்து என்னைத் திட்டித் தீர்த்தார்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த அன்று நானே ஒரு பான் வாங்கிப் போனேன். திரையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதை அவரிடம் நீட்டினேன்.