அத்தைக்கு லீவு வாங்கித் தந்த படம்

ஐப்பசி மாதத்தில் ஏற்காட்டுக்காரர்கள் எதுவும் காயும் என்று நம்புவதில்லை. பள்ளிக்கூடச் சட்டையைக்கூட அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டு, புகை வாசத்தோடு மாட்டிக்கொண்டு போவோம். அப்படிப்பட்ட மாதத்தில்தான் மைதாப் பசை காய்ச்சி ஒரு படம் ஒட்டி, அதைக் காயவைத்தும் விடலாம் என்று நான் நினைத்தேன். மூன்றாம் வகுப்புப் புத்தி அவ்வளவுதான்.

படம் அறுப்பின் பண்டிகைக்கு. எங்கள் ஊரான வெள்ளக்கடையின் சர்ச்சில் அன்றைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், மிளகு, ஆரஞ்சு என்று குவிந்துவிடும். அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். எங்களுக்கென்று ஒரு அவரைக்கொடிகூடக் கிடையாது. வருஷா வருஷம் கடையில் வாங்கின கேரட்டை என் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது உங்க காட்டுல வெளஞ்சதா?" என்று வேண்டுமென்றே கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தடவை எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றைக் கொண்டுபோயே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

காப்பிக்கொட்டைத் தோல், கீழே உதிர்ந்த மிளகு, சில்வர் ஓக் இலை, ரோட்டோரச் செம்மண். யாரும் சண்டைக்கு வராத பொருளாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு அட்டையில் மலையும் காப்பிக் களமுமாக ஒட்டினேன். மறுநாள் அட்டை அப்பளம்போல நெளிந்துகிடந்தது. மிளகு உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. இன்னொரு அட்டையில் ஒட்டினேன், பசையில் பூசணம் பூத்தது. அம்மா பாவப்பட்டு அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதில் மலை முழுக்கக் கரி அப்பிக்கொண்டது. நான் அதைச் சுவரில் வீசியடித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதேன்.

எங்கள் வீட்டில் பொறுமை என்று ஒன்று இருந்தது அத்தையிடம் மட்டும்தான். அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். ஆனால் டவுனில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை, விடிந்தால் பஸ் பிடித்துவிடுவார். அத்தை ஒரு வாரம் வீட்டில் இருந்தால் படம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அத்தைக்கு லீவு குடுங்க ஆண்டவரே என்று தினமும் முட்டி போட்டேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, மூன்றாவது தடவை ஒட்டின படமும் ஈரமாகவே இருந்தது. அத்தை தொட்டுப் பார்த்தார். "அழுவாத சாமி. எங்க ஓட்டல்ல முடி காய வெக்கற மெசினு இருக்குது. செத்த நேரத்துல காஞ்சுபோயிரும், வா" என்று என்னையும் படத்தையும் பஸ்ஸில் ஏற்றினார்.

ஆள் இல்லாத அறை ஒன்றில், படத்தை மெத்தைமேல் வைத்து அத்தை மெசினைப் போட்டார். முறத்தில் புடைத்ததுபோல் காப்பித்தோல் அறை முழுக்கப் பறந்தது. கரைந்த செம்மண் வெள்ளை விரிப்பில் வழிந்தது. அத்தை பதறி மெசினை அணைப்பதற்குள் மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நானே தொவச்சுக் குடுத்தர்றனுங்க சார். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் சத்தமே போடவில்லை. "நீங்க ஊட்டுக்குப் போங்க. வேணும்னா சொல்லி அனுப்பறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அத்தை என் தலையில் ஒட்டியிருந்த காப்பித்தோலைப் பொறுக்கிக்கொண்டே வந்தார். நாளைக்கு வேலை இல்லையா என்று கேட்டதற்கு, "லீவு கண்ணு" என்றார்.

அன்று அப்பாவும் அம்மாவும் சமையலறையில் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். எனக்கென்ன வந்தது? என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது.

அந்த ஒரு வாரத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். "ஒட்டிப்போட்டுக் காய வெச்சோம் பாரு, அதான் தப்பு. காய வெச்சுட்டு ஒட்டோணும்" என்றார் அத்தை. மண்ணை வாணலியில் வறுத்துச் சலித்தார். காப்பித்தோலையும் வறுத்தார், வீடெல்லாம் கருகல் வாசம். அட்டைக்குப் பதில் ஒரு பலகை, மைதாவுக்குப் பதில் ஆசாரியிடம் கேட்டு வாங்கின மரப்பசை. ஒரு நாளைக்கு ஒரு பொருள்தான், அதற்குமேல் தொடக்கூடாது. நான் சிணுங்குவேன், அத்தை அசைந்துகொடுக்க மாட்டார். கடைசியில் நிழல் தீட்ட வைத்திருந்த டிகாஷன் டம்ளரை நானே தட்டிவிட்டேன். படத்தில் வானம் முழுக்கப் பழுப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடு கண்ணு. மழைக்கு முந்தி மேகம் இப்படித்தான இருக்கும்? நொம்ப நல்லா இருக்குது" என்றார். தள்ளி நின்று பார்த்தேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

பண்டிகையன்று படத்தைப் பூசணிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மிளகைச் சுரண்டிப் பார்த்தாள், ஒன்றுகூட உதிரவில்லை. பிறகு போதகர், ஆண்டவர் செய்த நன்மைக்கு யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"எங்க அத்தைக்கு லீவு வேணும்னு ஜெபம் பண்ணுனனுங்க. ஒரு வாரம் பூரா லீவு குடுத்தாருங்க, ஸ்தோத்திரம். இன்னும் நெறைய நாள் லீவு குடுக்கோணும்னு எல்லாரும் எங்க அத்தைக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

சர்ச்சே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சனிக்கிழமையே அத்தையின் வேலை போய்விட்டது என்பதும், அப்புறம் அவர் எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போனது அதனால்தான் என்பதும் நான் பெரியவளான பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: போதகர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நான் கேட்டதை அப்படியே ஜெபத்தில் சேர்த்துச் சொன்னார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.