கென்டாவுக்கு முழுப் பேர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டேன். சம்பளத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் இல்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றும் இல்லை. ஒரு ஜப்பான்காரனுக்காக.

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கோயில் திருவிழாவுக்கு அங்கே கால்பந்தாட்டம் வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு கழகம் வந்து தோட்டத்துப் பையன்களோடு விளையாட ஏற்பாடு. அந்தக் கழகத்தில் இந்த சீசனுக்கு ஒரு ஜப்பான் பையன் சேர்ந்திருக்கிறானாம். தோட்டத் தலைவர் பெருமாள் — தொழிற்சங்கக் கிளைக்குத்தான் தலைவர், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அவரேதான் — பண்டாரவளைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ஐயா, ஜப்பான் பாஷையில நீங்கதான் பேசணும்.”

“எனக்கு அந்த பாஷை தெரியாதே.”

“தெரியாமத்தான் ஜப்பான் கவிதையெல்லாம் எழுதுனீங்களா?”

எழுதியது உண்மை. யாரோ ஆங்கிலத்தில் போட்டதை நான் தமிழில் போட்டேன். இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில்தான் வந்தது. இதை விளக்கி முடிப்பதற்குள் வேன் பாதி மலை ஏறிவிட்டது. உள்ளே நான் இருந்தேன்.

பையன் பெயர் கென்டா. இருபது வயது சொச்சம். தோட்டத்தில் கால் வைத்ததுமே ‘கெண்டை’ ஆகிவிட்டான். “மீனு மாதிரியே நழுவுறான் பாரு” என்றார்கள். அப்போது அவன் பந்தையே தொட்டிருக்கவில்லை. பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவன் ஊரில் ஒரு தொழில்முறைக் கழகம் அவனை எடுத்துக்கொண்டதாம். தெருவே திரண்டு வழியனுப்பியதாம். அப்புறம்? பெஞ்ச். மழையில் பெஞ்ச்... பனியில் பெஞ்ச்... ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உள்ளே விடுவார்கள். வியர்ப்பதற்குள் விசில் ஊதிவிடும். ஒப்பந்தம் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் கொழும்பு. கொழும்பிலும் ஒரு பெஞ்ச் இருந்தது.

“தொடக்கத்திலும் நான், முடிவிலும் நான்... அப்படி ஒரு ஆட்டம் இன்னும் ஆடவில்லை” என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னான். இந்தப் பயணம் முடிந்ததும் அவனை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று பயிற்சியாளர் முடிவெடுப்பாராம்.

அவனுக்கு அன்றைக்கு உதவி செய்தது நம் மலைப்பாதை. கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு பெரகல ஏற்றத்தில் தொடங்கிய வாந்தி, மைதானம் வரை ஓயவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு சவுக்கு மரத்தடியில் சாய்ந்திருந்தார். வேறு ஆள் இல்லை. கென்டா தொடக்கத்திலேயே இறங்கினான்.

மைதானம் என்றால்... மலையைக் கரண்டியால் ஒரு வழி வழித்த இடம். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் தேயிலைக்குள் போய்விடும். தேட ஒருவர் இறங்குவார். அவரைத் தேட இன்னொருவர் இறங்குவார். நடுவில் மூடுபனி வந்து ஆட்டக்காரர்கள் எல்லோரையும் துடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் குரல்கள் மட்டும் ஓடின. பனி விலகும்போதெல்லாம் முதலில் தெரிந்தவன் கென்டாதான். மேலே ஓடுகிறான், கீழே ஓடுகிறான். அடைத்து வைத்த தண்ணீர்ப் பீலியைத் திறந்துவிட்டதுபோல் ஓர் ஓட்டம்.

இடைவேளை. இரு பக்கமும் கோல் இல்லை. இதற்குள் நட்சத்திரத்துக்கு யாரோ இஞ்சித் தேநீர் கொடுத்து முகத்தில் நிறம் வரவைத்திருந்தார்கள். பயிற்சியாளர் கென்டாவைப் பார்த்து விரலால் பெஞ்சைக் காட்டினார். கென்டா தலை குனிந்து வணங்கினான். உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி, நேராக வைத்தான்.

மைதான ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றது மாரியாயி. கொழுந்து பறிக்கிறவர்.

“ஏங்க, அந்தப் புள்ளைய ஏன் ஒக்கார வைக்கிறாங்க?”

“அவனுக்குப் பதிலா வேற ஆள் ஆடப் போறாரு.”

“அப்ப இந்தப் புள்ள?”

“அவ்வளவுதான்.”

“அடப்பாவி! இத்தன நேரம் நாயா ஓடுனதுக்கு அரைப் பேரா?”

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. தோட்டத்தில் ஒரு நாள் வேலை போட்டால் அதற்கு ‘ஒரு பேர்’ என்பார்கள். கொழுந்து குறைந்தால், பாதியில் அனுப்பினால், அரைப் பேர். இந்தச் சொல்லை அங்கே யாரும் மெதுவாகச் சொல்ல மாட்டார்கள்.

மாரியாயி சொன்னது கயிற்றின் ஓரமாகவே ஓடியது. மறுமுனையை அடைந்தபோது அது ஒரு பிரச்சினையாகியிருந்தது. தலைவர் வந்துவிட்டார்.

“நம்ம தோட்டத்துல ஆளப் பாதியில அனுப்பி அரைப் பேரு போடுற வேலையே கெடையாது.”

பந்தாட்டக்காரர்களுக்கு மாசச் சம்பளம், அதில் அரைப் பேர் கிடையாது என்றேன்.

“ஐயா, நீங்க நிர்வாகத்துப் பக்கமா பேசாதீங்க.”

அதோடு தோட்டத்துப் பையன்கள் பதினோரு பேரும் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கெண்டை வந்தால்தான் எழுந்திருப்பார்களாம். ரெஃப்ரி விசில் ஊதினார். யாரும் அசையவில்லை. கோல்காப்பாளன் மட்டும் தலைவரிடம் கிசுகிசுத்தான்:

“மாமா, அவன் போனா நமக்கு நல்லதுதான?”

“ஒக்காருடா. இன்னைக்கு அவனுக்கு, நாளைக்கு ஒனக்கு.”

கென்டா என்னைப் பார்த்தான். என்ன கேட்கிறார்கள் இவர்கள்?

நான் என்ன சொல்வேன்? பேர் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். “நேம்” என்றேன். “உனக்கு... ஃபுல் நேம்... வேண்டும் என்கிறார்கள்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். பூட்ஸை மறுபடி மாட்டிக் கயிற்றை இறுக்கினான். மைதானத்தின் நடுவே போய், உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நின்றிருந்தவர்களுக்கும் முன்னால் நிமிர்ந்து நின்றான். இடுப்பு மடிய ஒரு வணக்கம்.

“ஓகிமுரா! கென்டா!”

குடும்பப் பெயர் முதலில், தன் பெயர் பிறகு. அவர்கள் வழக்கம். எதிர்மலை அதை வாங்கி ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு கயிற்றோரம் முழுக்க ஒரே கூச்சல்.

தலைவர் பயிற்சியாளரிடம் போனார். “பாத்துக்கங்க சார். அவரே வாயத் தொறந்து கேட்டுட்டாரு.”

பயிற்சியாளருக்குத் தமிழும் தெரியாது, ஜப்பான் மொழியும் தெரியாது. உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியைப் பார்த்தார். நட்சத்திரத்தை உட்காரச் சொன்னார். அவர் நன்றியோடு பையை எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பாதியில் கென்டா நன்றாக ஆடவில்லை. அவ்வளவு நேரம் ஓடி அந்தக் கால்களுக்குப் பழக்கமே இல்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டினான். கடைசியில் நடந்தான். நடக்கிறவனை யார் மறிப்பார்கள்? விட்டுவிட்டார்கள். முடியப்போகிற நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பந்து அவன் காலடிக்கு வந்து நின்றது. தள்ளினான். உதைக்கக்கூட இல்லை. கதவைச் சாத்துவதுபோல் ஒரு தள்ளல்.

ஒன்றுக்குப் பூச்சியம். விசில்.

அவன் புல்லில் மல்லாந்து கிடந்தான். முகத்தில் இருந்தது மூடுபனி ஈரமா, வேறா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் மட்டும் போனார். குனிந்து, தசை பிடித்திருந்த அவன் காலை நீவிவிட்டபடியே சொன்னார்: “சனிக்கிழமை ஆட்டத்துக்கும் தொடக்கத்திலேயே இறங்குகிறாய். காலைச் சரிபண்ணிக்கொள்.”

அவனுக்கு அந்த ஆங்கிலம் முழுவதும் புரிந்தது.

திரும்பும்போது தலைவரிடம் கேட்டேன். அவனுக்காகப் போராடி, அவனிடமே கோல் வாங்கித் தோற்றிருக்கிறீர்களே... யாருக்கும் வருத்தமில்லையா?

“என்னங்க ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க? கோரிக்கை ஜெயிச்சிருச்சு. மேட்சுதான தோத்துச்சு!”