முட்டிக்கு ஒரு ஜீன்ஸ்

சாதா ஜீன்ஸ் விற்பவனுக்கு வாடிக்கையாளரின் இடுப்பளவு தெரிந்தால் போதும். பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஜீன்ஸ் விற்பவனுக்கு அவர் வீட்டு அரசியலும் தெரிந்திருக்க வேண்டும். கடை வைத்து வாய் வலிக்கப் பேசும் புண்ணியவான்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இரண்டாயிரத்துக்குப் பிறகு, புனேயில் ஐ.டி. பிள்ளைகள் பெரிய பெரிய பைக்காக வாங்கித் தள்ளிய காலத்தில், விஷ்ராந்த்வாடியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது.

கண்ணாடி முன் மாப்பிள்ளை

வெங்கட் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மழையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும் அவர் மனைவி சுதா கறாராகச் சொல்லிவிட்டாராம்: ஒழுங்கான பாதுகாப்போடு ஓட்டு, இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிடு. மனுஷனுக்கு அந்த வண்டி என்றால் உயிர். என் கடைக்கு ஓடி வந்தார்.

எங்கள் ஜீன்ஸில் உள்ளே உரசலைத் தாங்கும் துணி இருக்கும், முட்டியில் அடி தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய பேட் இருக்கும். நின்றால் பேட் கொஞ்சம் கீழே இறங்கித் தெரியும். வண்டியில் உட்கார்ந்தால்தான் சரியாக முட்டிக்கு ஏறும். அதைப் பார்க்கவே கடைக்குள் ஓடாத பைக் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தேன். "ஏறி உட்காருங்க சார்" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். அவர் கண்ணாடியை விட்டு நகர்ந்தால்தானே! திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் ஜி, தொப்பை தெரியுதா?"

பத்திரமான இடம்

கொஞ்ச நாளில் ஆளந்தி ரோடு சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. அது புனே வழக்கம், அதை விடுங்கள். முட்டியைப் பார்த்தால் தட்டையாக இருந்தது. "பேட் எங்க சார்?" என்றேன். முட்டி வீங்கின மாதிரி இருக்கிறது என்று ஆபீஸில் கேலி செய்தார்களாம். வண்டியின் பக்கப் பெட்டியைச் செல்லமாகத் தட்டிக் காட்டினார். "கவலைப்படாதீங்க ஜி, பத்திரமா உள்ள இருக்கு. விழுந்தா கிழிஞ்சிடும்ல!"

சுதா வந்தார்

அடுத்த மழைக்கே விழுந்தார். துணி தாங்கியதால் தோல் பிழைத்தது. முட்டி மட்டும் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. மறுநாள் சுதா தனியாகக் கடைக்குள் நுழைந்தார். பெட்டியில் கண்டெடுத்த இரண்டு பேடும் கையில் இருந்தன. செத்தேன், என் ஜீன்ஸைத் திட்டப் போகிறார், அந்த அப்பாவியின் வண்டியும் போச்சு என்று நினைத்தேன். அவரோ, "அண்ணா, எனக்கு ஒரு ஜீன்ஸ் குடுங்க" என்றார்.

போட்டுக்கொண்டு வந்தவருக்குக் கடை பைக்கின் பின்சீட்டைக் காட்டினேன். அவர் முன்னால் ஏறி ஹேண்டிலைப் பிடித்தார். பேட் அச்சாக முட்டியில் உட்கார்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "அப்ப வண்டியை விக்கலையாம்மா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"எதுக்கு விக்கணும்? காலேஜ்லயே எங்கப்பா வண்டியை ஓட்டினவ நான். இனிமே நான் ஓட்டறேன், அவர் பின்னாடி உக்காரட்டும்."

முட்டியைக் காப்பாற்றும் ஜீன்ஸ் என்னிடம் எல்லா அளவிலும் உண்டு. முன்சீட்டைக் காப்பாற்றும் ஜீன்ஸை இன்னும் எவனும் தைக்கவில்லை.