தகரத்துக்கு எண்ணத் தெரியாது

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஜேர்மனியில் வுப்பர்டால் நகரில் நடந்தது இது. இலங்கையிலிருந்து அகதியாக வந்து பதினாறு வருடங்கள் வாடகை வீடுகளில் இருந்தபின், மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டின் பாதியை வாங்கியிருந்தோம். பாதி என்றால், நடுவில் ஒரு பொதுச்சுவர். இந்தப் பக்கம் நான், மனைவி, ஏழு வயது மகள். அந்தப் பக்கம் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஜேர்மன் பெண்மணி. தனியாக இருந்தார்.

நான் தகடு மடிக்கும் பட்டறையில் வேலை செய்தேன். வீட்டின் வெளிப்பக்கத்தில் கூரை ஓரப் பலகைகளையும் யன்னல் சட்டங்களையும் மழை அரிக்காமல் மூட, அலுமினியத் தகட்டை அளவுக்கு மடித்துப் பொருத்துவோம். பழைய வீடுகளில் ஒரே யன்னலின் இடது பக்கமும் வலது பக்கமும்கூட ஒத்துப்போகாது. ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துத்தான் தகட்டில் கை வைப்போம்.

எங்கள் வீட்டின் கூரை ஓரப் பலகையும் உளுத்துப்போயிருந்தது. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, பட்டறையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் தகடுகளைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி மடக்கு அளவுகோலுடன் வெளியே வந்து, நிதானமாக அளந்துவிட்டு, என் தகடு அவருடைய பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் வருகிறது என்றார். வெட்டிவிடவா, அல்லது உங்கள் பக்கம் முழுவதற்கும் செய்துதரவா என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கோப்பி கொண்டுவந்தார். தன் பக்கமும் செய்வதற்கு அதுதான் சம்மதம்.

அன்று நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அலுமினியம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இரண்டு மீற்றர் தகடு ஒரு நெல்மணியின் தடிப்பளவுக்கு அசையும். அதனால் ஆணித் துளைகளை நீளவாக்கில் வெட்டி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, லேசாகப் பூட்ட வேண்டும். பட்டறையில் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனால் மழை வரும்போலிருந்தது, என்னுடைய வீடுதானே என்ற எண்ணம் வேறு. வட்டத் துளை போட்டு, இடைவெளி விடாமல் இறுக்கி முடுக்கிவிட்டேன்.

முதல் வெயில் நாளில் வீடு தட்டத் தொடங்கியது.

டொக். சிறிது பொறுத்து, டொக், டொக். யாரோ சுவரோடு ஒட்டி நின்று விரல் முட்டியால் தட்டுவதுபோல. மனைவி ஊரில் இராணுவம் கதவு தட்டிய நாள்களைக் கண்டவள். மாப் பிசைந்த கையுடன் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஆரோ தட்டுகினம்."

"ஒருத்தருமில்லையப்பா. தகரம். வெயில் பட்டால் கதைக்கும்."

"அப்ப, நீங்கள் மற்ற ஆக்களுக்குப் பூட்டின தகரமெல்லாம் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்குது?"

பக்கத்து வீட்டுப் பெண்மணியும் வந்து, என்ன சத்தம் என்று கேட்டார். சூட்டையும் குளிரையும் பற்றி அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் தளர்த்திவிடுகிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் விழா. அதற்கடுத்தது ஒரு கலியாணம். அப்படியே கோடை போய்விட்டது. மகள்கூடப் பழகிவிட்டாள். காலையில் முதல் தட்டுக் கேட்டதும், "தகரம் எழும்பிட்டுது" என்று சொல்லிக்கொண்டு அவளும் எழும்புவாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தபோது, கூரைக்கு அடியிலிருந்த தன் அறையிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, தகரம் எனக்குப் பதில் சொல்லுது."

"என்ன பதில்?"

"நான் ரெண்டு தரம் தட்டினால் அதுவும் ரெண்டு தரம் தட்டுது. மூண்டெண்டால் மூண்டு."

சிரித்தேன். தகரத்துக்குத் தட்டத்தான் தெரியும், நீ எண்ணுவது தற்செயலாக ஒத்துப்போகிறது என்றேன். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு பயம். இந்த நாட்டில் பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினால், சத்தம் கூடிவிட்டது, அடங்குங்கள் என்று அர்த்தம். பதினாறு வருடமாக எத்தனையோ சுவர்களில் எங்களுக்கு அப்படித் தட்டியிருக்கிறார்கள். தட்டுக் கேட்டால் தொலைக்காட்சியைக் குறைப்பதும், பிள்ளையின் வாயைப் பொத்துவதும் எங்களுக்குக் கை தன்பாட்டில் செய்யும் வேலை.

"நீ சுவரிலை தட்டினால் அவவுக்குக் கோவம் வராதோ? போதும், இனிக் கீழையே இரு பிள்ளை."

"அது கோவமாத் தட்டேல்லை அம்மா. நான் தட்டும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்குது."

பிள்ளைக்கு வீணாக ஏதாவது மனதில் பதிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். அவளுடைய தலையணையை எடுத்து எங்கள் அறையில் போட்டேன். சாப்பிடும்போது மேலே மறுபடி கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. மகள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாப்பிடு" என்றேன். மனைவி தொலைக்காட்சியை நிற்பாட்டினாள். மூன்று பேரும் மூச்சுக்கூடக் கேட்காதபடி சாப்பிட்டு முடித்தோம்.

சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். தகரத்தை இன்றைக்கே தளர்த்துவது, பிள்ளையின் கற்பனைக்கு ஒரு முடிவு கட்டுவது. ஏணியைச் சாத்தி ஏறினேன். பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார் மூடியிருந்தது. எதிர்ச்சரிவு வீடுகள்கூடத் தெரியவில்லை. முதல் ஆணியில் கை வைக்குமுன், பழக்கத்தில், தகட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தேன். செத்த மீனைப்போல ஈரமாக, குளிர்ந்து கிடந்தது.

அப்போதுதான் புத்தியில் பட்டது. நேற்றும் இப்படித்தான் புகார். இரண்டு நாளாக வெயிலே இல்லை. வெயில் இல்லாமல் தகடு நீளாது. நீளாத தகடு தட்டாது.

உள்ளங்கை அதில் இருக்கும்போதே கேட்டது. டொக். டொக். டொக்.

தகடு அசையவில்லை.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மேலே ஓடினேன். மகள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். கட்டிலில் முழந்தாளிட்டு, கன்னத்தைச் சுவரில் வைத்திருந்தாள்.

"அப்பா, அதுக்குக் களைச்சுப் போச்சுது. மெதுவாத்தான் தட்டுது."

மனைவியும் பின்னால் வந்துவிட்டாள். நான் விரலை மடக்கி நான்கு தரம் தட்டினேன். பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்குள்ளிருந்து ஒன்று கேட்டது. இரண்டு. மூன்று. அத்தோடு நின்றுவிட்டது என்று நினைத்தபோது, மிக மெல்ல, நான்கு.

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இது கோவத்திலை தட்டுற தட்டில்லை. அவவுக்கு என்னவோ நடந்திட்டுது."

மகளிடம், "தட்டிக்கொண்டிரு பிள்ளை, நிப்பாட்டாதை" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். பக்கத்து வீட்டு மணியை அடித்தேன், அழைத்தேன். பதில் இல்லை. தபால் பெட்டியில் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையும் சனிக்கிழமைப் பத்திரிகையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கிடந்தன. தீயணைப்புப் படை வந்து கதவைத் திறக்கும்வரை, எங்கள் வீட்டு மேல் யன்னல் வழியாக மகளின் தட்டு எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

மகளின் அறைக்கு நேர் மறுபக்கத்தில், தரையில், பொதுச்சுவரோடு கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, கத்தவும் குரல் எழும்பவில்லை. கூரை யன்னல் பாதி திறந்திருந்தது, அதன் கீழே ஒரு முக்காலி சரிந்து கிடந்தது. கையில் அந்த மடக்கு அளவுகோல். அதன் நுனியால்தான் தட்டியிருக்கிறார். தகரம் எந்த இடத்தில் தட்டுகிறது என்று எட்டிப் பார்த்து, அளந்து எனக்குச் சொல்லலாம் என்று வியாழக்கிழமை மாலை முக்காலியில் ஏறினாராம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மகளுடன் வைத்தியசாலைக்குப் போனேன். மெலிந்திருந்தார், ஆனால் பேச்சு பழையபடி நறுக்கென்றுதான் இருந்தது. "நீங்கள் தகரம் என்றுதான் நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எண்ணித் தட்டினேன். தகரத்துக்கு எண்ணத் தெரியாது" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏன் நிறுத்திவிட்டாய்? நீ எங்கேயோ போய்விட்டாய் என்று நினைத்தேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜேர்மன் மொழியில் எனக்கு எத்தனையோ மன்னிப்புச் சொற்கள் தெரியும். நிறுத்தவைத்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் வீடு திரும்புமுன் எல்லாத் தகட்டையும் கழற்றி, துளைகளை நீளவாக்கில் வெட்டி, இடைவெளி விட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு வீடு தட்டுவதில்லை. வருடங்கள் போய்விட்டன, இருந்தும் புகார் மூடிய நாள்களில் அந்த உள்ளங்கை குளிர்கிறது. அன்று நல்ல அயலவர்களாக அடங்கி, மூச்சுக்கூடக் கேட்காமல் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மனுசி சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிடந்தார். இப்போதெல்லாம் மகள் ஏதோ கேட்கிறது என்று சொன்னால், அது என்னவென்று நான் அவளுக்கு விளக்குவதில்லை, அவளோடு போய்ச் சுவரில் காதை வைக்கிறேன்.