சூட்டில் இறக்கிய காற்று

என் மச்சினனுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் ஒன்றும் பஞ்சு இல்லை. கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம், வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் வண்டி ஓட்டுகிற விதம்தான் பஞ்சு. ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அவன் தொழில். ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆனால் பஸ்ஸிலும் ஏற முடியாது என்கிற ஆட்கள்: தையல் பிரிக்காத வயிறு, புதிதாக மாற்றிய மூட்டு. அவன் வண்டிதான் வேண்டும் என்று காத்திருந்து போகிறவர்கள் உண்டு.

ஆனால் இப்போதெல்லாம் யாராவது வண்டியில் முனகினால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். புதிதாக ஏறுகிறவர்கள் இவன் என்ன கல்நெஞ்சக்காரனா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

அவன் பெருமையெல்லாம் டயர் காற்றில். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் அச்சடித்திருப்பார்கள். காலையில் வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுவான். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவன் காற்று அளக்கும் கேஜை வைத்திருப்பான்.

"கூடுனா கல்லு மாதிரி குதிக்கும் மாமா, குறைஞ்சா டயர் உள்ளுக்குள்ளயே வெந்துடும். ஓடி வந்த டயரை மட்டும் அளக்கவே கூடாது. சூட்டுல காத்து உப்பிக்கிட்டு பொய்க் கணக்கு காட்டும்."

சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் இதே பேச்சு. நான் கொட்டாவி விடுவேன், அவன் விடமாட்டான்.

அவன் அக்காதான் என் மனைவி. அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆயிற்று. எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று டாக்டர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "குலுங்காம கூட்டிட்டுப் போங்க. வலி இருக்கும், அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா கால் மரத்துப்போச்சு, கால் இருக்கறதே தெரியலன்னு சொன்னா, வீட்டுக்குப் போகாதீங்க. நேரா இங்க வந்துடுங்க. தாமதமானா நடக்க வைக்கறது கஷ்டம்."

பஞ்சுவின் காதில் 'குலுங்காம' மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும்.

முன் சீட்டைப் படுக்கையாகச் சாய்த்து அவளைக் கிடத்தினோம். நான் அவள் தலைமாட்டில், பின் சீட்டில். ஊருக்குள் இருந்தவரை ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை சிமென்ட் சாலை. பாளத்துக்குப் பாளம் ஓர் இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் 'டக்' என்று ஒரு சத்தம், கூடவே அவளிடமிருந்து ஒரு முனகல். அவளுக்கு ஒவ்வொரு முறை வலித்தபோதும் பஞ்சுவின் தோள் குறுகியது. ஏசி ஓடியும் அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது.

வெயில் உச்சியில் நின்றபோது ஒரு ஓட்டல் முற்றத்தில் வண்டியை நிறுத்தினான். இறங்கியவன் நேராகப் போய் டயரில் கேஜை வைத்தான்.

"பாருங்க மாமா! ஸ்டிக்கர்ல இருக்கறதைவிட எவ்வளவு ஏறியிருக்கு! அதான் குதிக்குது."

உஸ்ஸென்று காற்றை இறக்கினான். ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கி, அக்காவுக்காக இன்னும் கொஞ்சம் இறக்கினான். நான்கு டயரிலும். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் அவனுக்கே மறந்துபோயிருந்தது. அந்த முனகல் அவனை அந்தப் பாடு படுத்தியிருந்தது. அவளுக்குக் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கண்ணசரவிட்டுக் கிளம்பினோம். அதற்குள் டயர் ஆறிவிட்டது. உப்பியிருந்த காற்றும் அடங்கிவிட்டது. உள்ளே மிச்சம் இருந்தது எவ்வளவு என்று அவன் மறுபடி அளக்கவில்லை.

வண்டி மெத்தையாகப் போயிற்று. அவள் தூங்கிவிட்டாள். பஞ்சு கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். வேகமும் பிடித்தான்.

பிறகு ஒரு வாடை. ரப்பர் தீய்கிற வாடை. வண்டியின் பின்பக்கம் லேசாக அலைந்தது.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல மாமா."

அவன் வாயாடி, ஒன்றும் இல்லையென்றால் அதையே பத்து வார்த்தையில் சொல்லுகிறவன்.

ஓரம் கட்டினான். ஓரம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் லாரிகள் கையெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. அவள் பக்கத்துப் பின் டயரைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டான். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும், அந்த வேகத்தில், அவள் படுத்திருந்த பக்கமாக.

"சூட்டுல அளந்துட்டேன் மாமா." அவன் முகம் பேயறைந்தது போல இருந்தது. "நானே... சூட்டுல அளந்து இறக்கிட்டேன்."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே, இப்ப எங்கடா போச்சு உன் புத்தி?" என்று கத்தினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்; வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அதற்குள் ஒரு லாரி உரசுவது போலக் கடந்தது, எங்கள் வண்டி மொத்தமும் ஆடியது.

"என்னடா ரெண்டு பேரும் கத்திக்கறீங்க? டயரா?" உள்ளேயிருந்து அவள் குரல்.

"ஆமாக்கா. ஸ்டெப்னி மாத்தணும். ஆனா ஆளை உள்ள வெச்சு ஜாக்கி போடக்கூடாதுக்கா. உன்னை எறக்கவும் முடியாது."

"இப்படியே கெடந்தா லாரிக்காரன் நம்ம மேல ஏத்திடுவான். என்னோடவே வண்டியைத் தூக்குடா."

பள்ளத்துப் பக்கம் மண்ணை மிதித்துக் கெட்டியாக்கி, ஜாக்கியை வைத்தான். நான் உள்ளே மண்டியிட்டு, அவள் சரியாமல் தோளையும் இடுப்பையும் அணைத்துப் பிடித்தேன். ஒரு சுற்று சுற்றினான்.

"அக்கா?"

"ம்."

இன்னொரு சுற்று.

"அக்கா?"

"ம்."

வண்டி மெல்லச் சாய்ந்தது. நான் மூச்சுவிடவே பயந்தேன். நட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு லாரி போனது. ஜாக்கியின் மேல் வண்டி கிறீச்சிட்டது.

"அக்கா?"

பதில் இல்லை.

"அக்கா!"

"டேய், கால் தெரியலடா." குரல் மெலிந்து வந்தது. "முழங்காலுக்குக் கீழ இருக்கா இல்லையான்னே தெரியல."

சாய்ந்ததில் நரம்பு நசுங்கியதா, ஸ்க்ரூவே நகர்ந்ததா, எங்களுக்கு என்ன தெரியும்? நான் எட்டி அவள் பாதத்தைக் கிள்ளினேன். அவள் கண் வண்டியின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி, நகம் பதியக் கிள்ளினேன். ஒன்றும் இல்லை.

பஞ்சு ஸ்டெப்னியை மாட்டினான். ஒரு நட்டு நழுவிப் பள்ளத்தில் உருண்டது, அழுதுகொண்டே தேடி எடுத்து வந்தான். வண்டியை இறக்கியபின் காற்றடிக்கும் சின்ன மெஷினை எடுத்து மற்ற டயர்களில் சொருகினான்.

"விட்றா அதை! கெளம்பு!"

"வேகமா போகணும்ல மாமா. இந்தக் காத்துல போனா அடுத்ததும் வெடிக்கும்." டயர் சூடாக இருந்ததால் ஸ்டிக்கரில் இருந்ததற்கும் மேலே ஏற்றினான். அந்த மெஷின் அடித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு ஆயுசு போயிற்று.

அடுத்த பாலத்தடியில் திரும்பி, வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். அதே சிமென்ட் சாலை, இப்போது கல் போன்ற டயர்கள். டக். டக். அவள் சத்தமே போடவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பஞ்சு அவள் முகத்தைப் பார்த்தான்; நான் முன்னால் அவள் காலடியில் ஒடுங்கி உட்கார்ந்து, பாதத்தை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அந்த முனகலை நிறுத்தத்தான் காற்றை இறக்கினான். இப்போது அது வராதா என்று இருவரும் ஏங்கிக்கொண்டு போனோம். இனி இவள் படியிறங்கி வந்து கதவைத் திறப்பாளா என்ற நினைப்பு என்னை விடவில்லை.

ஒரு பாலத்தின் தொடக்கத்தில் வண்டி தூக்கிப் போட்டது.

"அம்மா!" என்று அலறினாள்.

"என்னக்கா?"

"கொல்லாதடா, பாவி! குதிகால் வரைக்கும் நெருப்பா எரியுது!"

"எந்தக் கால்க்கா?"

"ரெண்டும்தான்! மெதுவா போயேன்டா!"

பஞ்சு வாய்விட்டு அழுதான். "எரியட்டும்க்கா. நல்லா எரியட்டும்" என்றான். என் கைக்குள் அவள் கட்டைவிரல் ஒருமுறை வெடுக்கென்று அசைந்தது. அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை, அவளும் அவனைத் திட்டுவதை நிறுத்தவில்லை.